முன்னால் நிற்பவள்

லனெல்லி
12 நவம்பர் 1989

என் ரோன்வெனுக்கு,

நலமா என்று கேட்க வாய் வரவில்லை. நேற்று ஸ்காட்லாந்துடன் ஆடிய இறகுப்பந்து ஆட்டத்தில் நான் அடித்த பந்து உன் வலது கண்ணில் பட்ட சத்தம் இன்னும் காதைவிட்டுப் போகவில்லை. கண்ணுக்குள் ரத்தம் கட்டியிருக்கிறது, ஐந்து நாள் தலையை அசைக்காமல் கிடக்க வேண்டும், மறுபடி கசிந்தால் பார்வை போய்விடும் என்று நம் பயிற்சியாளர் எம்ரிஸ் சொன்னார். தும்மித் தொலைக்காதே. சிரிக்காதே. உனக்குத்தான் எதற்கெடுத்தாலும் சிரிப்பு வருமே.

பதினோரு வருடம் வேல்ஸுக்கு ஜோடியாக ஆடியிருக்கிறோம். இரட்டையர் ஆட்டத்தில் முன்னால் நிற்பவள் எது நடந்தாலும் பின்னால் திரும்பிப் பார்க்கவே கூடாது என்று எனக்குச் சொல்லிக் கொடுத்தவளே நீதான். நேற்று ஏனடி திரும்பினாய்?

உன் டெலித்

ஸ்வான்சி, மருத்துவமனை
15 நவம்பர்

அடி டெலித்,

நான் சொல்லச் சொல்ல நர்ஸ் எழுதுகிறாள். நல்ல கண்ணையும் சேர்த்துக் கட்டிவிட்டார்கள். அம்மா பழ ரொட்டியைப் பிய்த்துப் பிய்த்து ஊட்டுகிறாள். எனக்கு முப்பத்து நான்கு வயது என்பதே அவளுக்கு மறந்துவிட்டது.

ஆள் இருக்கும்வரை பேசிச் சமாளிக்கிறேன். எல்லோரும் போன பிறகுதான் பயம் பிடித்துக்கொள்கிறது. கட்டை அவிழ்த்த பிறகும் இப்படியே இருந்தால் என்ன செய்வேன்?

ஏன் திரும்பினாய் என்கிறாய். நான் உன்னைப் பார்த்து ஆடுகிறவள் இல்லை, உன் காலடியைக் கேட்டு ஆடுகிறவள். அன்று அது பாதியில் நின்றது. நீ விழுந்துவிட்டாயோ என்று பதறித் திரும்பினேன். உன் காலுக்கு என்ன?

ரோன்வென்

லனெல்லி
18 நவம்பர்

அன்பு ரோன்வென்,

உன்னிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது. ஆகஸ்டிலிருந்தே குதிகால் நரம்பு போய்விட்டது. தெரிந்த டாக்டர் ஒருவரிடம் யாருக்கும் தெரியாமல் ஊசி போட்டுக்கொண்டுதான் ஆடுகிறேன். அன்று பந்துக்கு ஓட முடியவில்லை. நின்ற இடத்திலிருந்தே ஓங்கி அடித்துவிட்டேன்.

ஜனவரியில் ஆக்லாந்தில் காமன்வெல்த் போட்டி. இதை விட்டால் எனக்கு அடுத்தது கிடையாது. என்னோடு ஆட கேட்ரினைப் போட்டிருக்கிறார்கள், பத்தொன்பது வயதுப் பெண். எம்ரிஸ் உன்னைப் பார்க்க வருகிறார். அன்று என்ன நடந்தது என்று கேட்பார். கால் விஷயத்தை மட்டும் சொல்லிவிடாதே. சொன்னால் அணிப் பட்டியலிலிருந்து என் பெயரை அடித்துவிடுவார். கெஞ்சிக் கேட்கிறேன்.

உன் டெலித்

ஸ்வான்சி
27 நவம்பர்

டெலித்துக்கு,

இது என் கையெழுத்துதான். வரி கோணலாகப் போனால் பொறுத்துக்கொள்.

வலது கண்ணில் வெளிச்சம் தெரிகிறது, முகம் தெரியவில்லை. இனி இவ்வளவுதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். தேநீர் ஊற்றினால் கோப்பைக்கு வெளியே போகிறது. படி இறங்க அம்மாவின் கையைப் பிடித்துக்கொள்கிறேன். இந்த லட்சணத்தில் பந்து எங்கே வருகிறது என்று எனக்கு எப்படித் தெரியும்? என் ஆட்டம் முடிந்தது.

எம்ரிஸ் வந்தார். "பதினோரு வருஷத்துல ஒரு தடவைகூட நீ திரும்பினதில்லையேம்மா, அன்னிக்கு என்ன ஆச்சு?" என்றார். புத்தி கெட்டுத் திரும்பிவிட்டேன், தப்பு என்னுடையது என்று சொன்னேன். நம்பிவிட்டார். பட்டியலில் உன் பெயர் பத்திரமாக இருக்கிறது.

வலியை மறைத்ததற்குக் கோபமில்லை. உன் இடத்தில் இருந்தால் நானும் மறைத்திருப்பேன். ஆனால் உன் கடைசிக் கடிதத்தை வந்த அன்றே ஒற்றைக் கண்ணால் மூன்று முறை படித்தேன். என் கண் எப்படி இருக்கிறது என்று ஒரு வார்த்தை அதில் இல்லை. எனக்கு மனசு விட்டுப்போயிற்று.

நேற்று கேட்ரின் வந்தாள். என் முகத்தைப் பார்க்கவே கூசினாள், பாவம். கோர்ட்டில் முன்னால் நிற்கும்போது கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொள்ளச் சொன்னேன்.

"பின்னால டெலித் இருக்கிறப்ப எனக்கு என்னக்கா பயம்?" என்று கேட்டாள்.

"அதை டெலித்கிட்டயே கேளு" என்று சொல்லி அனுப்பினேன்.

இந்தக் கடிதம் நாளைக் காலை உனக்குக் கிடைக்கும். பயிற்சி மாலை ஏழு மணிக்கு. அவள் கேட்பாள்.

ரோன்வென்