பேசாத பிரேக் மாட்யூலும் பாதி செருகிய பிளக்கும்

அன்புள்ள மகனுக்கு,

அம்மா எழுதுகிறேன். நான் இங்கே நலமாகத்தான் இருக்கிறேன், இடது முழங்கால் மட்டும் தன் பங்குக்குத் தனிக் கடிதம் எழுத வேண்டும் என்கிறது, விட்டால் பத்துப் பக்கம் எழுதும் என்பதால் பேனாவைக் கொடுக்கவில்லை. நீ நேரத்துக்குச் சாப்பிட்டுத் தூங்கி நன்றாக இருப்பாய் என்று நானாகவே நினைத்துக்கொள்கிறேன், ஆறு வாரமாகக் கேட்டுத் தெரிந்துகொள்ள வழியில்லையே. போன் இருக்கும்போது இது என்ன கடிதம் என்று சிரிப்பாய். போனில் என்றால் பாதியில் வைத்துவிடும் வசதி இருக்கிறது, அதை நான் எப்படிப் பயன்படுத்துவேன் என்று உனக்கே தெரியும்.

வீட்டுச் செய்தி பெரிதாக ஒன்றும் இல்லை. அப்பா போய், நீயும் கிளம்பிய பிறகு இங்கே என்னைத் தவிர வாய் திறப்பது வாஷிங் மெஷின் ஒன்றுதான். துவைத்து முடித்ததும் மூன்று தடவை கத்தும், இதோ வர்றேன், உயிரை வாங்காதே என்று நானும் பதில் சொல்கிறேன். உன் நாற்காலியில் மடிக்காத துணி உட்கார்ந்திருக்கிறது, ஆள் இருக்கிற மாதிரித் தெரியட்டுமே என்று விட்டுவைத்திருக்கிறேன், என் சோம்பேறித்தனத்துக்கு இப்படி ஒரு காரணம் கிடைத்தது. ஒரு ஆளுக்குச் சமைக்கக் கை இன்னும் பழகவில்லை, செய்ததையே மூன்று நாள் சாப்பிடுகிறேன். பக்கத்து வீட்டு டைலரம்மா புதுசாகப் பல் கட்டியிருக்கிறாள், காசு கொடுத்தது வீணாகக் கூடாது என்று துக்க வீட்டில்கூடச் சிரிக்கிறாள். கட்டியது நம் ஒர்க்‌ஷாப்புக்கு வரும் பல் டாக்டர்.

அவர் கார்தான் போன வாரம் என் மூக்கை உடைத்தது. ஓடிக்கொண்டிருக்கும்போதே எச்சரிக்கை விளக்கு அத்தனையும் எரிகிறது என்று வந்தார், அடுத்தவர் பல்லைப் பிடுங்குகிற மனுஷன் சாவியை என்னிடம் திணித்துவிட்டு நாலடி தள்ளிப் போய் நின்றார். இந்தக் காலத்துக் காரில் இன்ஜினுக்கு ஒன்று, பிரேக்குக்கு ஒன்று, ஸ்டீயரிங்குக்கு ஒன்று என்று குட்டிக் கம்ப்யூட்டர்கள் உண்டு, மாட்யூல் என்போம், எல்லாம் ஒன்றோடொன்று பேசிக்கொள்வது முறுக்கிய இரண்டு கம்பியில்தான். கோளாறைப் படித்துச் சொல்லும் ஸ்கேனரைச் செருகினேன். இன்ஜின், கியர், ஸ்டீயரிங், மீட்டர் போர்டு, ஏர்பேக் ஐந்தும் சொல்லிவைத்த மாதிரி ஒரே புகார், பிரேக் மாட்யூல் எங்களோடு பேசுவதில்லையாம். ஐந்து சாட்சி போதாதா, அது செத்துப்போச்சு, புதுசுதான் போடணும் என்று தீர்ப்பு எழுதிக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டேன். ஒடுக்கு எடுக்கும் நம் டிங்கர், வாயை மூடாததால் ரேடியோ என்று பெயர் வைத்தாயே, அவர் எட்டிப் பார்த்து, ஏன்க்கா, புகார் சொல்றவங்களை எண்ணாதே, கம்பியைப் பாருன்னு எங்களுக்கெல்லாம் சொல்வீங்களே, இன்னைக்கு அதுக்கு லீவா என்று கேட்டார். ரோஷம் வந்துவிட்டது. பேட்டரியைக் கழற்றிவிட்டு இரண்டு கம்பிக்கும் இடையே மின்தடையை அளந்தேன். அறுபது ஓம் காட்ட வேண்டிய இடத்தில் நூற்று இருபது. கம்பியின் இரண்டு கோடியிலும் எதிரொலியை அடக்க ஒவ்வொரு ரெசிஸ்டர் இருக்கும், ஒரு கோடி விட்டுப்போனால்தான் இப்படி இரட்டிப்பாகும், அப்புறம் பேச்செல்லாம் எதிரொலித்துக் குழம்பும், முதலில் எது வாயடைத்துப் போகிறதோ அதன் தலையில் பழி விழும். தேடிக்கொண்டே போனால் பின் சீட்டுக்கு அடியில் கோடிப் பிளக் பாதிதான் உள்ளே போயிருக்கிறது. ரிவர்ஸ் கேமரா மாட்ட அந்தச் சீட்டைக் கழற்றியது யார் என்று ரேடியோ கேட்கவே இல்லை, பிறந்ததிலிருந்து அன்றுதான் வாயை மூடிக்கொண்டார். கழற்றியது நான். பிளக்கை அழுத்தினேன், டிக் என்றது, மீட்டர் அறுபது காட்டியது, மேஜையில் கிடந்த நிரபராதியைத் திரும்ப மாட்டியதும் எல்லாம் பேச ஆரம்பித்துவிட்டன.

டிக் சத்தம் கேட்கிற வரை அழுத்து என்று ஊருக்கெல்லாம் பாடம் நடத்துகிறவள் ஆறு வாரத்துக்கு முன்னால் கேமரா மாட்டிய அன்றைக்கு எப்படிக் கோட்டை விட்டேன் என்று யோசித்தேன். அன்றுதான் நீ கூப்பிட்டாய். தலையைச் சீட்டுக்கு அடியில் விட்டுக்கொண்டு போனைத் தோளில் இடுக்கிப் பேசினேன். வேலையை இன்னும் மூன்று வருஷத்துக்கு நீட்டிக் கையெழுத்துப் போட்டுட்டேன்மா என்றாய். அங்கேயே கிட, இனிமேல் எனக்கு போன் பண்ணாதே என்று சொல்லி வைத்துவிட்டேன், அப்புறம் பிளக்கை எப்படிச் செருகினேன் என்று நினைவே இல்லை. பிறந்ததிலிருந்து நான் சொன்ன ஆயிரம் பேச்சில் நீ தட்டாமல் கேட்டது அந்த ஒன்றைத்தான், ராஜா. அதோடு விட்டேனா, சித்தி, டைலரம்மா, டாக்டர், ரேடியோ என்று ஒருத்தர் பாக்கியில்லாமல் என் பிள்ளை என்னோடு பேசுவதே இல்லை என்று மூக்கைச் சிந்தினேன், நான் சொன்னதை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை. காரில் பதிந்திருந்த புகாரை ஒரு பட்டனில் அழித்துவிட்டேன். இவர்களுக்குப் பட்டன் கிடையாது, ஒவ்வொருவராகப் போய்ப் பார்த்து, பேசாதே என்றது நான்தான் என்று சொல்லிவிட்டு வந்தேன். ஐயோ அக்கா, நான் அவனைக் கண்டபடி திட்டி மெசேஜ் அனுப்பிட்டேனே என்றாள் சித்தி. அதற்கும் சேர்த்து அம்மாவை மன்னித்துவிடு.

மூன்று வருஷமும் இரு, உனக்குப் பிடித்த வேலை. எனக்கு வந்தது கோபம் இல்லை, பயம். அதைச் சொல்லத்தான் வெட்கமாக இருந்தது. போகிற இடத்தில் உனக்கு நல்லது நடக்கட்டும், உடம்பு நோகாமல், மனசு நோகாமல் இரு. கண் டாக்டரிடம் போவதைத் தள்ளிப்போடாதே. இருபதாம் தேதிக்குள் கடிதம் கைக்கு வந்துவிடும் என்று தபால் நிலையத்தில் சொன்னார்கள். அன்று ஞாயிற்றுக்கிழமை, உனக்குக் காலை பத்து மணி ஆகும்போது நானே கூப்பிடுகிறேன். மறக்காமல் எடு. திட்டத் தோன்றினால் திட்டு. பேச மனசில்லை என்றால் போனைப் பக்கத்தில் வைத்துவிட்டு உன் வேலையைப் பார், நீ பாத்திரம் கழுவுகிற சத்தம் கேட்டாலும் எனக்குப் போதும்.

உன் அம்மா