கண் கூசாத மஞ்சள்

அன்புள்ள சின்னவனுக்கு,

அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் இங்கே சுகமாக இருக்கிறோம். வழக்கமாக அடுத்த வரியில் நீயும் சுகமாக இருப்பாய் என்று எழுதிவிட்டு மேலே போய்விடுவேன், இந்தத் தடவை அப்படி எழுதக் கை வரவில்லை. போனில் பேசலாம்தான், ஆனால் நான் வாயைத் திறந்ததுமே சரிம்மா சரிம்மா என்று சொல்லிப் போனை வைத்துவிடுகிறாய். காகிதத்திடம் உன் பாச்சா பலிக்காது. கடை வியாபாரம் பரவாயில்லை. கலர் கலக்கும் மெஷினை வாங்கச் சொல்லி பெயிண்ட் கம்பெனிக்காரர் வாராவாரம் வந்து அப்பாவின் உயிரை எடுக்கிறார், என் கண்ணு இருக்கிறவரைக்கும் மெஷின் எதுக்கு என்று அப்பா அவரை விரட்டிக்கொண்டிருக்கிறார். என் முழங்கால் மட்டும் மாடிப்படியைக் கண்டால் முரண்டு பிடிக்கிறது, அதை விடு.

நீ அனுப்பிய போட்டோவுக்கு வருகிறேன். உன் அறைச் சுவருக்கு நீயே வெள்ளையில் மஞ்சள் சாயம் கலந்து அடித்தேன், ஆனால் பால் மாதிரி வெளிறிக் கிடக்கிறது, இன்னும் சாயம் சேர்த்து இன்னொரு கோட் அடிக்கப் போகிறேன் என்று எழுதியிருந்தாயே. அடேய், அது பாலா? படத்தைத் திறந்ததும் எனக்குக் கண் கூசியது. உங்க பிள்ளை கலக்கின லட்சணத்தைப் பாருங்க என்று சிரித்துக்கொண்டே அப்பாவிடம் நீட்டினேன். அவர் சிரிக்கவில்லை. போனில் நிறம் மாறித் தெரியும் என்று, எவ்வளவு வெள்ளைக்கு எவ்வளவு சாயம் ஊற்றினாய் என்று உன்னைக் கேட்டார் அல்லவா, நீ சொன்ன அதே அளவில் சின்ன டின்னில் கலந்து, பலகையில் பூசி, வெயிலில் காயவைத்துப் பார்த்தார். பார்த்துவிட்டுப் பக்கத்திலிருந்த டின்மேலேயே உட்கார்ந்துவிட்டார். இவனும் என்னை மாதிரியே கலக்கியிருக்கான்டி, இவனை இப்படியே விடாதே என்றார். அதற்கு என்ன அர்த்தம் என்று உனக்குத் தெரியாது, ஏனென்றால் இது நீ வேலைக்கு என்று அங்கே போன பிறகு நடந்தது. அப்பா சொல்லவேண்டாம் என்றதால் இத்தனை நாள் சொல்லவில்லை, இப்போது அவரே எழுது என்கிறார்.

அந்த வருஷம் அப்பா கலந்து கொடுத்த டின்னெல்லாம் கடைக்குத் திரும்பி வர ஆரம்பித்தது. வெளிர் நீலம் கேட்ட பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியை, சுவரைப் பார்த்தாலே பிள்ளைங்களுக்குக் கண்ணு வலிக்குதுங்க என்று சண்டைக்கே வந்துவிட்டார். அப்பாவோ நான் போட்டது சரியான கலர்தான், இன்னும் மங்கலாத்தான் இருக்கு என்று சாதிப்பார். எனக்குத் தெரிந்த வைத்தியம் என்ன, கடையில் ட்யூப்லைட்டை மாற்றினேன், அவர் மூக்குக்கண்ணாடியை மாற்றினேன், புரை விழுந்துவிட்டது என்று நானே முடிவு கட்டினேன். இதற்கு நடுவில் நம் பின்னறைக்கு வேறு ஆரஞ்சு அடித்தார் பார், உள்ளே போனால் அடுப்புக்குள் நுழைந்த மாதிரி இருக்கும். மனுஷர் சரியாகத் தூங்கவில்லை, சாப்பாட்டில் உப்பில்லை என்று என்னிடம் குறைகூடச் சொல்லவில்லை. வயசாகிறது, அடங்கிவிட்டார் என்று நினைத்தேன், புத்தி கெட்டவள்.

கடைசியில் கண்ணாஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். அங்கே டாக்டரம்மா சொட்டுமருந்து விட்டு உள்ளே வெளியே எல்லாம் பார்த்தார், புரையும் இல்லை, நரம்பிலும் கோளாறு இல்லை. பெரிய கறுப்பு எழுத்தையும் சின்னக் கறுப்பு எழுத்தையும் அப்பா கடகடவென்று படித்தார். பிறகு ஒரே அளவு எழுத்து, ஆனால் போகப்போக வெளுத்துக்கொண்டே வரும் ஒரு அட்டையை டாக்டரம்மா காட்டினார். எனக்கு அதில் பாதிக்கு மேல் தெரிந்தது, அப்பா ஆரம்பத்திலேயே நின்றுவிட்டார், சாம்பலில் சாம்பல் கலரைப் பிரித்தறியும் மனுஷர். டாக்டரம்மா அட்டையைக் கீழே வைத்துவிட்டு, தூக்கம் எப்படி, கடைக்குப் போகப் பிடிக்குதா, கடைசியா எப்போ எதுக்காவது சந்தோஷப்பட்டீங்க என்று கேட்டார். அப்பாவின் கண்ணில் நீர் வந்தது, மருந்தினால்தான் என்று நான் துடைத்துவிட்டேன். மருந்தினால் இல்லை. மனசு ரொம்பநாள் அமுங்கிக் கிடந்தால் சிலருக்குக் கண்ணும் சேர்ந்து அமுங்குமாம், வெளிச்சத்துக்கும் நிழலுக்கும் உள்ள மெல்லிய வித்தியாசம் மங்கிப்போகுமாம், எந்தக் கலரும் வெளிறித் தெரியுமாம், இதுக்குக் கண்ணாடி கிடையாது, மனநல டாக்டரைப் பாருங்க என்றார். எனக்கென்ன பைத்தியமா என்று அப்பா எழுந்துவிட்டார். நான் விடுவேனா? கலர் கலக்கும் அறையைப் பூட்டிச் சாவியை என் பைக்குள் போட்டுக்கொண்டேன், டாக்டர்கிட்ட வராம இதைத் தொட முடியாது என்று சொல்லிவிட்டேன். முணுமுணுத்துக்கொண்டேதான் வந்தார். மாத்திரை, பேச்சு, திரும்பவும் பேச்சு என்று மாதக்கணக்கில் ஓடியது. நடுவில் ஒன்றுமே மாறவில்லை என்று நான் சமையலறையில் நின்று அழுதிருக்கிறேன். அப்புறம் ஒருநாள் காலையில் பின்னறையிலிருந்து கையால் கண்ணை மறைத்துக்கொண்டு வந்து, எந்த மடையன்டி இந்தக் கலரை அடிச்சான், கண்ணு கூசுது என்று கத்தினார். நீங்கதாங்க என்றேன். சிரித்துக்கொண்டே அழுதேனா அழுதுகொண்டே சிரித்தேனா, இன்றைக்கும் தெரியவில்லை.

இப்போது உன் கதை. கண்ணாடியை மாற்றிவிட்டாய், கம்ப்யூட்டர் வெளிச்சத்தைக் கூட்டிக்கொண்டே போகிறாய், என்ன சாப்பிட்டாய் என்றால் ஏதோ சாப்பிட்டேன் என்கிறாய், என்னோடு சண்டை போட்டு எத்தனை நாளாகிறது என்று நீயே யோசி. சுவரை மட்டும் பார்த்து வியாதிக்குப் பேர் வைக்க நான் டாக்டர் இல்லை. நிஜமாகவே கண்ணில் கோளாறு இருந்தாலும் இருக்கலாம், அதனால் முதலில் கண்ணைக் காட்டு. கண் நன்றாக இருக்கிறது என்றால் அப்பாடா என்று அறைக்குத் திரும்பிவிடாதே, மனநல டாக்டரிடம் போ. லீவு கிடைக்காது, ஊர் என்ன சொல்லும், இதெல்லாம் என்னிடம் செல்லாது. அப்பாவையே இழுத்துக்கொண்டு போனவள் நான், நீ எம்மாத்திரம். இந்த வாரத்துக்குள் நாள் குறித்துவிட்டேன் என்று போன் வரவேண்டும், வராவிட்டால் முழங்காலையும் பார்க்காமல் நானே கிளம்பி வந்து உன் வாசலில் நிற்பேன். தனியாகப் போக மனசு வரவில்லை என்றால் அதையும் சொல்லு, அப்போதும் வருவேன், திட்டமாட்டேன்.

நீ நல்லபடியாக இருக்கவேண்டும் கண்ணா, எங்களுக்கு வேறெதுவும் வேண்டாம். எங்கள் ஆசீர்வாதம் எப்போதும் உன்னோடு இருக்கிறது. நேரத்துக்குச் சாப்பிடு, டாக்டரிடம் நாள் குறிக்க மறக்காதே. கீழே அப்பா ஏதோ எழுதவேண்டுமாம், பேனாவைப் பிடுங்குகிறார்.

உன் அம்மா

தம்பி, இன்னொரு கோட் அடிக்காதே. அந்தச் சுவர் அப்படியே இருக்கட்டும். ஒருநாள் அது உன் கண்ணைக் கூசவைக்கும், அன்றைக்கு எனக்குப் போன் பண்ணு. நல்ல மஞ்சளாகக் கலந்து நானே கொண்டுவருகிறேன்.

அப்பா