தலையணைக்கு அடியில் உங்கள் கத்தி

கோனியம்மன் துணை
புனே

மாமாவுக்குத் தெய்வானை வணங்கி எழுதுவது. முட்டிவலி தேவலைங்களா? நம் மகள் மோகனப்பிரியா எழுந்து நடக்கிறாள், பயப்பட வேண்டாம். போனில் பேசும்போது அவள் பக்கத்திலேயே இருந்ததால் இதைச் சொல்ல முடியவில்லை.

பிரசவத்தில் காத்துக்கருப்பு அண்டாமலிருக்க, நீங்கள் சேர்த்து வைத்த கத்திகளில் பொறுக்கிக் கொடுத்துவிட்டீர்களே, நுனி வளைந்த கவாத்துக் கத்தி, அது அவள் தலையணைக்கு அடியிலேயேதான் இருந்தது. குழந்தையைப் புதைத்துவிட்டு வந்த அன்று அதை எடுக்கப் போனேன்.

"எடுக்காதீங்கம்மா. கத்தி காப்பாத்தலைன்னு நெனச்சு, அப்பா எப்பவும் சட்டைப்பையில வெச்சிருக்கற கத்தியையும் எடுத்து வெச்சுப்போடுவாருங்க" என்றாள்.

பேரனுக்கென்று அந்தியூர்த் தேர்க்கடையில் வாங்கிய சின்னக் கத்திக்கு எண்ணெய் தடவி உள்ளே வையுங்கள். பால்கணக்கை விடாமல் எழுதுங்கள். உங்கள் கத்தி மட்டும் சட்டைப்பையிலேயே இருக்கட்டும். ஊருக்கு வந்ததும் அவள் முதலில் அங்கேதான் பார்ப்பாள்.

குக்கர் சத்தம் கேட்கிறது, நிறுத்துகிறேன்.

தெய்வானை