முகம் வற்றட்டும்

ஜேடர்பாளையம்

மகன் சரவணக்குமாருக்கு அம்மா சௌந்திரம் எழுதுவது. நானும் அப்பாவும் உயிரோடு இருக்கிறோம். உன் சுகத்தைக் கேட்கவில்லை, கனடாக் குளிரிலும் நீ நன்றாகத்தான் இருப்பாய். அணையில் தண்ணீர் நிறையப் போகிறது, குச்சிக்கிழங்கு பிடுங்கியாயிற்று, அப்பாவுக்கு முட்டிவலி. போனில் ஆரம்பித்தாலே மீட்டிங் என்று வைத்துவிடுகிறாய், அதனால் எழுதுகிறேன். உன் பெண்டாட்டி மைதிலி எப்படிச் செத்தாள் என்று இதுவரை நீ ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அவளுக்குக் காமாலை வந்து படுத்தபோது சேலத்து டாக்டர் எங்களை உட்காரவைத்துச் சொன்னார், கிருமியோட சண்டை போட ரத்தத்துல அணுக்கள் இருக்குதுங்க, அதுகளை அடக்கிவெக்கவும் வேற அணுக்கள் இருக்குதுங்க, இந்தப் பொண்ணுக்கு அடக்குறது சரியா வேலை செய்யலை, அதான் சொந்த ஈரலையே எதிரின்னு நெனைச்சுக் கடிக்குது, மாத்திரைதான் கடிவாளம், நீங்களா நிறுத்திடாதீங்க என்று. மாத்திரையில் அவள் முகம் உப்பியது, ஆனால் காமாலை இறங்கி, மாட்டுக்குத் தீவனம் வைக்கும் அளவுக்கு எழுந்துவிட்டாள். அப்போதுதான் நீ வீடியோவில் பார்த்துவிட்டு, பன்னு மாதிரி இருக்கற, இந்த மூஞ்சிய இங்க யாருகிட்டக் காட்டறது, வத்தட்டும், அப்பறம் விசா பாக்கலாம் என்று சொன்னாயாம். சிரித்துக்கொண்டே சொன்னாயாம். அன்றிலிருந்து மாத்திரையை எங்களுக்குத் தெரியாமல் சாக்கடையில் போட்டிருக்கிறாள். முகம் வற்றியது, அழகாயிட்ட என்று நீ மெசேஜும் போட்டாய். கொஞ்ச நாளில் கண் மஞ்சளாகி வயிறு வீங்கி, தூக்கிக்கொண்டு ஓடினோம். ஈரல் அழிந்துவிட்டது, வேறு ஈரல்தான் வைக்க வேண்டும் என்றார்கள். அவள் அப்பா கதிர்வேல் தன் ஈரலை அறுத்துத் தருகிறேன் என்று பரிசோதனைக்குப் போனார், அவர் திரும்புவதற்குள் அவளுக்கு நினைவு தப்பிவிட்டது. அதற்குச் சற்று முன்னால் என் கையைப் பிடித்து, அத்தை, அவருக்குப் போட்டோ அனுப்பிறாதீங்க, மூஞ்சி மறுபடி ஊதிருச்சுங்க என்றாள். நினைவு திரும்பாமலே போய்விட்டாள்.

லீவு இல்லை என்று நீ வரவில்லை. காரியம் முடிந்த ஈரம் காய்வதற்குள் வேறு பெண் பார்க்கச் சொல்லி அப்பாவிடம் கேட்டாயாம், ஒல்லியாக இருக்கட்டும் என்றாயாம். அப்பா தலையைக் குனிந்துகொண்டு என்னிடம் சொன்னார். நான் பார்க்கத்தான் போனேன், சாமி. இங்கிருந்து திருச்செங்கோடு வரை நம் சொந்தத்தில் பெண் இருக்கும் வீடு ஒன்று விடாமல் ஏறி, மேலே எழுதியதையெல்லாம் வாய்விட்டுச் சொல்லிவிட்டு வந்தேன். வாழப்பாடிப் பக்கம் மட்டும் பாக்கி, வெள்ளிக்கிழமை போகிறேன்.

வேளாவேளைக்குச் சாப்பிடு, குளிருக்குக் காதை மூடிக்கொள். ஒரு நோய்நொடி இல்லாமல் நூறு வயது தனியாக இரு, அதுதான் என் ஆசீர்வாதம். ஊருக்கு டிக்கெட் போடாதே, மறந்துவிடாதே.

இப்படிக்கு,
மைதிலியின் அத்தை
சௌந்திரம்