மஞ்சள் தடவிய படங்கு

அக்கரப்பத்தனை,
வைகாசி கடைசி ஞாயிறு.

அன்பு மகள் நிலக்ஷிக்கு அப்பா எழுதுவது. முத்துமாரி கண் திறந்து பார்த்ததில் நானும் உன் அம்மாவும் இங்கே சுகமாக இருக்கிறோம், அம்மாவின் முழங்கால் வலியும் என் இருமலும் அவை பாட்டுக்கு அவையும் சுகமாக இருக்கின்றன. நீ அந்தக் கொரியாவில் வேளைக்குச் சாப்பிட்டு, தலைக்கு எண்ணெய் வைத்து, நல்லபடி இருக்கிறாய் என்று நம்புகிறேன். தினமும் போனில் பேசுகிறோமே, அப்பாவுக்குக் கடிதம் எதற்கு என்று சிரிப்பாய். போனில் நான் நாலு வார்த்தை பேசுவதற்குள் உன் அம்மா பிடுங்கிக்கொள்கிறாள், அவள் திருப்பித் தரும்போது சிக்னல் போய்விடுகிறது. மேல் லயத்து வரிசை வீட்டுத் தர்ஷனுக்கு உங்கள் ஊர்ப் பக்கம் ஏதோ தொழிற்சாலையில் வேலை கிடைத்து அடுத்த கிழமை புறப்படுகிறான், தங்கச்சிக்கு ஏதும் குடுக்க இருந்தா குடுங்க மாமா, நான் கொண்டுபோறேன் என்றான். அதனால் எனக்கும் பேச ஒரு வழி கிடைத்தது. கடிதத்தில் யாரும் குறுக்கே விழுந்து பேச முடியாது பார், அதுதான் இதில் உள்ள சுகம்.

முதலில் நல்ல சேதி. நீ வீடியோ அனுப்பிய நாளிலிருந்து உன் அம்மா மறுபடி ஒழுங்காகச் சாப்பிடுகிறாள், என்னோடு சண்டையும் பிடிக்கிறாள். சண்டை பிடிக்கிறாள் என்றால் வீடு சரியாகிவிட்டது என்று அர்த்தம், எனக்கு எவ்வளவு நிம்மதி என்று உனக்குச் சொல்ல முடியாது. ஒரு மாதமாக இந்த வீட்டில் ரேடியோ மட்டும்தான் பேசியது. இங்கே என்ன நடந்தது என்று உனக்கு யாரும் முழுசாகச் சொல்லவில்லை, உன் அம்மா சொல்லவும் மாட்டாள், அதனால் நான் சொல்கிறேன்.

தைப்பொங்கல் முடிந்த கையோடு நீ போன் செய்து, அம்மாவோடு கொழுந்து எடுக்கிற பெண்களின் பழைய படங்குகள் வேண்டும், கிழிந்ததும் கறை பிடித்ததுமாக இருந்தால் நல்லது, ஆசியா முழுக்க இருந்து ஆள் வருகிற பெரிய கண்காட்சியில் எனக்கென்று ஒரு அறை தந்திருக்கிறார்கள், அதில் தொங்கவிடப் போகிறேன் என்றாய். செடி கிழிக்காமலும் மழை நனைக்காமலும் இருக்க இடுப்பைச் சுற்றிக் கட்டுகிற பிளாஸ்டிக் துண்டு, அதைப் போய் விமானத்தில் ஏற்றுவதா என்று எனக்குச் சிரிப்பு வந்தது. படித்த பிள்ளை கேட்கிறாளே என்று வாயை மூடிக்கொண்டேன். உன் அம்மா மறுநாள் காலை வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டிலேயே எல்லாரிடமும் சொல்லிவிட்டாள், எல்லாரும் தருகிறோம் என்றார்கள். கொஞ்ச நாளில் மூட்டை வந்தது, வாயைத் தைத்தே கொடுத்தார்கள், நான்தான் தோளில் போட்டுக்கொண்டு தலவாக்கலைக்கு பஸ் ஏறிப் போய் அனுப்பினேன். தூக்கும்போதே புதுப் பிளாஸ்டிக் வாசம் குப்பென்று அடித்தது. இத்தனை வருஷம் தேயிலை அரைக்கிற ஸ்டோரில் வாசம் பிடித்த மூக்கு எனக்கு, பழசில் புது வாசம் ஏது என்று யோசிக்காமல் அன்றைக்கு லீவு போட்டுவிட்டது.

அது வந்து சேர்ந்த அன்று நீ பிரித்து போனில் காட்டினாய். நீலமும் பச்சையுமாக அத்தனையும் கடைப் புதுசு. நாடா இருக்க வேண்டிய இடத்தில் சேலைக்கரை, மூலைக்கு மூலை மஞ்சள். நான் பழசுதானேப்பா கேட்டேன், இத வச்சு நான் என்னா செய்ய, கிழிசல் போட்டோவைக் காட்டித்தான் கண்காட்சிப் பொறுப்பாளர் அம்மா எனக்கு எடம் குடுத்தாங்க, இனி அதுவும் போனாலும் போகும் என்று சொல்லிவிட்டு போனை வைத்துவிட்டாய். திறப்பு விழாவுக்கு நாளும் இல்லை, வேறு அனுப்பினாலும் வந்து சேராது என்று நீ சொன்னது உன் அம்மாவுக்கும் கேட்டது. அவள் அடுப்படியில் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றாள்.

பிறகுதான் உண்மை வெளியே வந்தது. முதலில் பழசைத்தான் சேர்த்திருக்கிறார்கள். உன் அம்மாவோடு ஒரே நிரையில் கொழுந்து எடுக்கிற மாரியாயி அக்கா, உனக்குத் தெரியுமே, குரல் கொடுத்தால் ஆற்றுக்கு அந்தப் பக்கம் கேட்கும், அவள்தான் அந்தக் குவியலைப் பார்த்துவிட்டு, அடியே லெட்சுமி, நம்ம புள்ளைக்கு வெளிநாட்டுல மொத விசேஷம், அதுக்குக் கிழிசலையா சீரு அனுப்புறது, அவ வயசுக்கு வந்தப்ப தட்டு தூக்கிட்டு வந்த கையிடி இது என்றாளாம். அவ்வளவுதான், எல்லாருக்கும் ரோசம் வந்துவிட்டது. சம்பளத்தன்று டவுனுக்குப் போய் ஆளுக்கொரு புதுப் படங்கு வாங்கி, கடைக்காரன் தந்த நைலான் கயிறு சீருக்கு ஆகாது என்று அவரவர் பெட்டியில் இருந்த நல்ல சேலையின் கரையைக் கிழித்து நாடா வைத்துத் தைத்திருக்கிறார்கள். புதுசுக்கு மூலையில் மஞ்சள் வைக்க வேண்டும் இல்லையா, பிளாஸ்டிக்கில் மஞ்சள் பிடிக்காது என்று நல்லெண்ணெயில் குழைத்துத் தடவியிருக்கிறார்கள். கண்காட்சி என்றால் கல்யாணம் இல்லையடி என்று சொல்ல வாயெடுத்தேன். உன் அம்மா முகத்தைப் பார்த்ததும் விட்டுவிட்டேன்.

என் புள்ள பொழப்புல நானே மண்ண அள்ளிப் போட்டுட்டேன் என்று அவள் சொல்லிச் சொல்லி அழுதாள். மலைக்குப் போவாள், வருவாள், சமைப்பாள், ஆனால் தட்டில் போட்ட சோறு அப்படியே இருக்கும். மற்றப் பெண்களும் எங்கள் வாசலைக் கடக்கும்போது தலையைக் குனிந்துகொண்டு போனார்கள், நல்லது செய்யப் போய்க் கெட்டபெயர் வாங்கின கதையாகிவிட்டது. எனக்கு உன் மேலும் கோபம் வந்தது, ஒளிக்காமல் சொல்கிறேன். கிழிசலைக் காட்டித்தான் பெயர் வாங்க வேண்டுமா என்று நினைத்தேன். ஆனால் நீ கொழும்பில் அறைக்கு வாடகையும் கொடுத்து, வண்ணம் வாங்குவதா சாப்பிடுவதா என்று கிடந்து முன்னேறினவள், அந்த இடம் உனக்குக் கிடைக்க எவ்வளவு பாடுபட்டாய் என்று எனக்குத் தெரியும். யார் பக்கம் பேசுவது என்று தெரியாமல் நான் கோயிலடியில் போய் உட்கார்ந்துகொள்வேன்.

அப்புறம்தான் நீ ஒரு நாள் கூப்பிட்டு, எந்தப் படங்கு யாருடையது, எந்தக் கரை எந்தச் சேலையில் இருந்தது என்று ஒவ்வொன்றாகக் கேட்டாய். அம்மா பயந்து பயந்து சொன்னாள். இது மாரியாயி அக்கா மகள் கல்யாணத்துக்குக் கட்டியது, இது நம் லயத்துச் சுதர்ஷினி பெரிய பரீட்சை பாஸ் பண்ணினபோது தன் தாய்க்கு வாங்கிக் கொடுத்தது என்று. அதை அவரவரே சொல்லி அனுப்பட்டும், காலையில் முதல் கொழுந்து கிள்ளும்போது விளைச்சல் பெருகச் சொல்கிற பொலி பொலியையும் சொல்லி அனுப்பட்டும் என்றாய். சுதர்ஷினிதான் தன் போனில் எல்லார் குரலையும் பிடித்து அனுப்பினாள். மாரியாயி பொலி சொன்னதில் போன் உடையாதது அதிர்ஷ்டம். அப்போதும் இது சரிவருமா வராதா என்று எங்களுக்குத் தெரியாது, உன் குரலில் மட்டும் கோபம் இல்லை என்று கண்டுபிடித்தோம்.

இப்போது வீடியோவைப் பார்த்துவிட்டேன் மகள். லயத்தில் எல்லாரும் பார்க்க வேண்டும் என்று வேலைக்குப் போகிறவர்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிற பிள்ளைக்காம்பராவில் பெரிய டீவியில் போட்டோம், பால் குடிக்கிற பிள்ளைகளும் தாய்மாரோடு உட்கார்ந்து பார்த்தன. அந்த வெள்ளை அறையில் படங்குகள் எல்லாம் இடுப்பளவு உயரத்தில் தொங்குகின்றன, ஆள் இல்லை, ஆனால் ஆள் நிற்கிற மாதிரியே இருக்கிறது. வாசல் சுவரில் நீ தமிழில் எழுதியிருப்பதை நான் எழுத்துக் கூட்டாமல் ஒரே மூச்சில் வாசித்தேன், கஷ்டத்தைக் கேட்டேன், சீர் அனுப்பினார்கள் என்று. நான் டீவிக்குப் பின்னால் வயர் கழன்றிருக்கிறதா என்று பார்க்கப் போவது போலப் போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். மாரியாயி, என்னுதுதான் மொதல்ல தொங்குது, என்னுதுதான் மொதல்ல என்று எழுந்து நின்று மறைத்துவிட்டாள், பின்னால் இருந்தவர்கள் ஏசினார்கள். அந்தப் பொறுப்பாளர் அம்மாவே, கிழிசலை விட இதுதான் சரி, நான்தான் தப்பாகக் கேட்டேன் என்று உன்னிடம் சொன்னதாகச் சொன்னாயே, அதை நான் இரண்டு தரம் எழுந்து நின்று எல்லாருக்கும் சொன்னேன். உன் அம்மா வீட்டுக்கு வந்து இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டாள்.

பக்கத்து அறையில் இந்தோனேசியாக்காரி ஒருத்தி, எதிர் அறையில் பிலிப்பைன்ஸ்காரன், மேல்மாடியில் வங்காளதேசத்துப் பிள்ளைகள் என்று நீ சுற்றிக் காட்டினாய். முந்தி நாங்கதான் அவங்க வாசல்ல போய் நிக்கணும்ப்பா, இப்ப லண்டன்லயும் பாரிஸ்லயும் இருந்து அவங்க டிக்கட் எடுத்து வந்து பாத்துட்டுப் போறாங்க என்றாய். எனக்கு அது நன்றாக விளங்கியது. நாம் கிள்ளி, வாட்டி, அரைத்து, காயவைத்து அனுப்பிய தேயிலையை லண்டனில் ஒருத்தர் நாக்கில் வைத்துப் பார்த்து நல்லது என்றால்தான் நல்லது, இல்லை என்றால் இல்லை, அப்படித்தான் என் அப்பா காலம் இருந்தது. வெள்ளைக்காரர் முந்தித் தேயிலையைத் தேடி வந்தார்கள், இப்போது படத்தைத் தேடி வருகிறார்கள், வரட்டும், இந்தத் தடவை ருசி சொல்கிறவர்கள் நீங்களாக இருங்கள். ஒன்று மட்டும் சொல்கிறேன், கேட்டாலும் கேட்காவிட்டாலும் சொல்வது என் கடமை. தேயிலைக்கு மவுசு ஏறின வருஷமும் கண்டிருக்கிறேன், இறங்கின வருஷமும் கண்டிருக்கிறேன். இன்றைக்கு ஆசியா ஆசியா என்று கொண்டாடுகிறவர்கள் நாளைக்கு வேறு பக்கம் திரும்பலாம். அதற்காக நீ வேலையை மாற்றாதே, தலையில் தூக்கி வைத்து ஆடினாலும் கால் தரையில் இருக்கட்டும்.

இனி நீ கேட்ட விஷயம். கண்காட்சி நடக்கிற மியூசியம் படங்குகளை நிரந்தரமாக வைத்துக்கொள்ளக் கேட்கிறது, கொடுத்தவர்கள் சம்மதிக்காமல் நான் சரி சொல்ல மாட்டேன், நீங்கள் கேட்டுச் சொல்லுங்கள் என்றாய். நீ அப்படிக் கேட்டதே எனக்குப் பெருமை. ஆனால் இங்கே மழை தொடங்கிவிட்டது. கண்காட்சி முடிந்தால் புதுசு திரும்பி வரும், மழைக்கு ஆகும் என்று எல்லாரும் பழசையே ஒட்டுப்போட்டுக் கட்டிக்கொண்டிருக்கிறார்கள், உன் அம்மாவின் படங்கில் உரப்பைத் துண்டுதான் பாதி. அதனால் கேட்க எனக்கு வாய் வரவில்லை. பின்னேரம் கொழுந்து நிறுக்கிற இடத்தில் போய் நின்றேன், எல்லாரும் சொட்டச் சொட்ட நின்றார்கள், முழங்காலுக்கு மேலே சேலை ஒட்டிக்கொண்டிருந்தது. தயங்கித் தயங்கித்தான் சொன்னேன். அவர்கள் என்னையா தராசையா பார்க்கிறார்கள் என்று தெரியவில்லை. பிறகு உன் அம்மா முதலில் கேட்டாள், அங்கே மஞ்சள் மங்கிப்போனால் மறுபடி யார் வைப்பார்கள் என்று. அதற்கு வழி பண்ணலாம் என்றேன். அப்போது மாரியாயி முகத்து மழையைத் துடைத்துக்கொண்டு சொன்னாள், அங்கேயே இருக்கட்டும்ணே, நாமதான் காலம் பூரா நனையிறோம், நம்ம படங்காவது நனையாம இருக்கட்டும். எல்லாரும் சரி என்று தலையாட்டிவிட்டுக் கூடையைத் தூக்கிக்கொண்டு மழைக்குள் நடந்தார்கள். ஆகவே நீ சரி என்று சொல்லிவிடு மகள்.

தர்ஷனிடம் கொடுத்துவிடும் பார்சலில் மிளகாய்த்தூள், கருவாடு, உனக்குப் பிடித்த முறுக்கு இருக்கின்றன. மஞ்சள் இரண்டு பொட்டலம், சிவப்பு நூல் கட்டியது உனக்கு, மற்றது மியூசியத்துக்கு, மாற்றிக் குழம்பில் போட்டுவிடாதே, எண்ணெயில் குழைக்க வேண்டும் என்பதையும் அவர்களுக்குச் சொல்லிவிடு. ஆத்தா உன் கூடவே நிற்பாள், கண் படாமல், நோய் நொடி இல்லாமல், கை வைத்ததெல்லாம் பொலிந்து நீ நல்லாயிருக்க வேண்டும். வருகிற ஆடித் திருவிழாவுக்கு எப்படியாவது வந்துவிடு, வரும்போது எனக்கு ஒன்றும் வேண்டாம், நல்ல தடிப்பான படங்குகளாகப் பார்த்து எல்லாருக்கும் வாங்கி வா, மஞ்சளை நாங்கள் இங்கே தடவிக்கொள்கிறோம்.

உன் அம்மா லெட்சுமியின் முத்தங்களோடு,
அன்பு அப்பா,
பொன்னையா.