அம்மா மிதித்தால் நிற்க வேண்டும்

2023 மார்ச் 11, சனி. மாலை 4.20. நான்கு மிதி.

முதல் மிதிக்குக் கார் நின்றது. இரண்டாவதுக்கும் நின்றது. மூன்றாவதில் பிரேக் பெடல் இறுகியது. நான்காவதில் கல்லாகிவிட்டது. அம்மா நடக்கிற வேகத்தில்தான் ஓட்டிக்கொண்டிருந்தாள். பெனிதோ மாமா வீட்டுக் குப்பைத் தொட்டியைத் தள்ளிக்கொண்டு போய் வேலியில் முட்டி நின்றோம்.

யாருக்கும் அடியில்லை. பம்பரில் ஒரு கீறல்.

நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். "உன் முட்டிக்கு இந்தக் கார் ஒத்துவராதும்மா" என்றேன். ஆபரேஷன் ஆகி ஐந்து மாதம்தான் ஆகிறது. அம்மா சாவியைக் கழற்றி என் மடியில் போட்டாள்.

"சரிடா நெஸ்டர். ஈஸ்டருக்கு நீயே ஓட்டு. நான் பக்கத்து சீட்டு. பழகின எடம்தானே."

அவள் சம்பளத்தில் வாங்கிய கார், 1964 மாடல் இம்பாலா. அப்பா இருந்தவரை அப்பா ஓட்டினார். அப்புறம் அம்மாவின் தம்பி பெனிதோ. ஈஸ்டர் அன்று பழைய கார்கள் ஊர்ந்து போகும் ஊர்வலத்தில் ஒரு தடவைகூட அவள் ஸ்டீரிங் பிடித்ததில்லை. இந்த வருஷம் பிடிக்கப்போகிறேன் என்று, தான் வேலை பார்க்கிற பள்ளிக்கூடச் சமையலறை முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறாள்.

மார்ச் 12

புரியவில்லை. புது எஞ்சின் போட்டதும் நெடுஞ்சாலையில் அறுபது மைல் வேகத்தில் எத்தனை தடவை அழுத்திப் பார்த்தேன்! கால் வைத்தால் போதும், நின்றது.

மார்ச் 14

எஞ்சினில் வேக்யூம் கேஜ் மாட்டி அதன் உறிஞ்சும் சக்தியை அளந்தேன். கார் நின்றபடி எஞ்சின் ஓடும்போது ஏழு. பிரேக் பூஸ்டருக்குக் குறைந்தது பதினெட்டு வேண்டும்.

கால் இல்லை. எஞ்சின்.

புது எஞ்சினின் வால்வுகளைத் திறந்து மூடும் கேம் ஷாஃப்டைத் தேர்ந்தெடுத்தது நானும் மாமாவும். நின்ற இடத்திலேயே 'தடக் தடக்' என்று உறும வேண்டும், தெருவே திரும்பிப் பார்க்க வேண்டும் என்று. அப்படி உறுமுகிற எஞ்சினுக்கு மெதுவாக ஓடும்போது உறிஞ்சும் சக்தி இருக்காது. பூஸ்டர் அந்த உறிஞ்சலை நம்பித்தான் காலுக்கு உதவுகிறது. வேகத்தில் எல்லாம் சரியாக இருக்கும். ஆனால் எங்கள் ஊர் எஸ்பான்யோலாவில் இம்பாலாவை வேகமாக ஓட்டுகிறவன் யார்? ஊர்வதுதான் இங்கே ஓட்டம். தொட்டு விட்டு, தொட்டு விட்டு, முன்னால் குழந்தைகள் குறுக்கே ஓட.

வேறு எவனோ ஓட்டுகிற காரைச் சோதித்திருக்கிறேன்.

மார்ச் 15

அம்மா அடுப்படியில். நோன்புக்கு முட்டை வடை பொரித்துச் சிவப்பு மிளகாய்ச் சாற்றில் போட்டுக்கொண்டிருந்தாள்.

"உன் முட்டி இல்லம்மா. எஞ்சின்தான்."

"என்னைச் சமாதானப்படுத்தறியா?"

"நான் என்னிக்கு உன்னைச் சமாதானப்படுத்தியிருக்கேன்?"

"அதுவும் சரிதான்."

நம்பவில்லை. வெளியே கூட்டிப்போனேன். நானே உட்கார்ந்து மிதித்துக் காட்டினேன். நான்காவது மிதியில் என் தொடையே நடுங்கியது. குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு சிரித்தாள். ரொம்ப நேரம் சிரித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

மார்ச் 18

இரண்டு வழி. சாதுவான கேம் ஷாஃப்ட். அல்லது ஸ்டீரிங் பம்ப்பின் எண்ணெய் அழுத்தத்தில் வேலை செய்யும் வேறு பூஸ்டர்.

மாமா: "கேமை மாத்தினா தையல் மிஷின் சத்தம்தான்டா வரும். அதுக்கு நான் செத்தே போகலாம்."

அம்மா: "சாவுடா. உன் குப்பைத் தொட்டி பக்கத்துல போய் நின்னு சாவு."

அப்புறம் அவளே என்னிடம்: "எனக்கும் அந்தச் சத்தம் பிடிக்கும். சொல்லிடாத அவன்கிட்ட."

பூஸ்டரையே மாற்றுகிறேன்.

மார்ச் 25

புது பூஸ்டரின் ஓட்டைகள் பொருந்தவில்லை. வேலை செய்யும் இடத்தில் ஒரு தகடு வெட்டி எடுத்து வந்தேன். பொருந்தியது. விரலில் தோல் போனது.

மார்ச் 26

பம்ப் அலறுகிறது. எண்ணெயில் ஏர். முன்சக்கரங்களைத் தூக்கி வைத்து, எஞ்சினை அணைத்து, ஸ்டீரிங்கை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் மாமாவைத் திருப்பச் சொன்னேன். "டேய் மாப்ளே, கையா இது காலா?" என்று கத்தினார். நுரை அடங்கியது. அலறல் நின்றது.

ஏப்ரல் 1

காலையில் தனியாக ஓட்டிப் பார்த்தேன். ஊர்ந்து, தொட்டு, ஊர்ந்து, தொட்டு. பெடல் ஒரே மாதிரி.

பிறகு அம்மா ஓட்டினாள். குறுக்கே அட்டைப்பெட்டி வைத்துச் சோதிக்கலாம் என்றார் மாமா. நான் காருக்கு முன்னால் நடந்தேன். அவளிடம் சொல்லாமல் சட்டென்று நின்றேன்.

ஒரு முழம் தள்ளி நின்றது கார்.

"பைத்தியமாடா உனக்கு? உன்னைப் பெத்ததுக்கு—" ஜன்னல் வழியாக முழுத் திட்டும் வந்தது. நடுவில் தானே நிறுத்திக் காலைப் பார்த்தாள். "வலிக்கலடா" என்றாள்.

ஏப்ரல் 5

சாவியை நான் கொடுக்கவில்லை. அவள் கேட்கவும் இல்லை. கொக்கியில் இருந்து எடுத்துக்கொண்டாள்.

ஏப்ரல் 9, ஈஸ்டர். மாலை 6.

பூசை முடிந்து ஊர்வலம். அம்மா ஸ்டீரிங்கில், நான் பக்கத்தில், மாமா பின்னால் மகாராஜா மாதிரி. கடைத்தெருவில் ஒரு சின்னப் பெண், உருண்டோடிய சாயம் பூசிய ஈஸ்டர் முட்டையைத் துரத்திக்கொண்டு குறுக்கே வந்தாள். நான் "அம்மா" என்று வாய் திறப்பதற்குள் கார் நின்றுவிட்டது. அவள் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஜன்னலில் முழங்கையை வைத்தபடி, "மெதுவாப் பொறுக்கிக்கோ கண்ணு" என்றாள்.

ஒரு சுற்று முடிந்ததும் வீட்டு வாசலில் நிறுத்தினாள். "இறங்குங்க ரெண்டு பேரும்." சமையலறைத் தோழிகள் மூன்று பேர் ஏற்கனவே காத்திருந்தார்கள். போய்விட்டாள். மூன்று மணி நேரம் ஆகிறது.

இனி செய்ய வேண்டியவை:

1. பம்ப் ஹோஸ் இணைப்பில் லேசாக எண்ணெய் கசிகிறது. நாளை முறுக்க வேண்டும்.
2. பெடலை அரை அங்குலம் இடப்பக்கம் நகர்த்த வேண்டும். அவளுடைய விசேஷ ஷூ அகலம்.
3. பீன்ஸைச் சுடவைக்க வேண்டும்.
4. போன் போட்டு எங்கே இருக்கிறாய் என்று கேட்கக் கூடாது.