ஜோயலுக்குக் கல் இல்லை

ஜூன் 14, சனி

குற்றாலத்தில் சாரல். ஜோயல் வேலை பார்க்கும் லாட்ஜில் அறை காலியில்லையாம். வேலைக்குக் கிளம்பும்போது கண்ணாடி முன் நின்று கன்னத்தைத் தடவிக்கொண்டே இருந்தான். ஸ்டீராய்டு மாத்திரை தொடங்கி ஐந்து வாரம். முகம் பன் மாதிரி உப்பிவிட்டது. செப்டம்பரில் ஜெபாவோடு கல்யாணம்.

“ஜெபா வீட்ல கேட்டா என்னக்கா சொல்ல?”

“கிட்னிக் கல்லுக்கு மருந்து சாப்பிடுதேன்னு சொல்லு.”

சிறுநீரக அழற்சி என்றால் பெண் வீட்டார் பயப்படுவார்கள் என்று மே மாதமே இந்தப் பொய்யைத் தொடங்கியவள் நான்தான். தம்பிக்கு நல்லது செய்வதாக நினைப்பு.

ஜூன் 19, வியாழன்

வடிந்திருந்த கால் வீக்கம் திரும்பியிருக்கிறது. கேட்டால், “நாள் முழுக்க ரிசப்ஷன்ல நிக்குதேன்லா” என்கிறான்.

ஜூன் 27, வெள்ளி

அவன் பைக்குள் ஒரு பொடி டப்பா. பெயர் இல்லை, சீட்டு இல்லை. மாத்திரை அட்டையை எடுத்து எண்ணினேன். பன்னிரண்டு நாள் மாத்திரை அப்படியே இருக்கிறது!

லாட்ஜில் எண்ணெய் தேய்த்துவிடும் சொரிமுத்து அண்ணாச்சி வாங்கிக் கொடுத்தாராம். நெருஞ்சில், சிறுபீளை, இன்னும் என்னென்னவோ.

“அண்ணாச்சிக்கு மூணே வாரத்துல கல்லு வெளிய வந்துட்டுக்கா.”

“ஒனக்குக் கல்லு இல்லலே! நாம சொன்ன பொய்ய நீயே நம்புதியா?”

பக்கத்து வீட்டுக்குக் கேட்டிருக்கும். கேட்கட்டும்.

ஜூன் 28, சனி

நான் வேலை பார்க்கும் லேபில் நானே அவன் ரத்தத்தையும் சிறுநீரையும் பார்த்தேன். சிறுநீரில் புரதம் மூன்று பிளஸ். 1.2-க்குள் இருக்கவேண்டிய கிரியேட்டினின் மே மாதம் 1.5, இன்று 2.4. பொட்டாசியமும் ஏறியிருக்கிறது. மிஷினில் இரண்டாம் முறை ஓட்டிப் பார்த்தேன். அதே எண்கள்.

தினம் நாற்பது பேருடைய ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போடுகிறேன். இதில் போட முடியவில்லை.

மாத்திரை எழுதிக்கொடுத்த திருநெல்வேலி டாக்டருக்குப் போன் செய்தேன். மாத்திரையைத் திடீரென நிறுத்தியதற்குத் திட்டினார். என்னைத்தான்.

ஜூலை 6, ஞாயிறு

மூலிகையில் கெடுதலே கிடையாதாம். மாத்திரைதான் விஷமாம். எண்களைக் காட்டினால், “ஒங்க மிஷின் என்னத்தையாவது சொல்லும்” என்கிறான். பதினாலு வருஷமாக அந்த மிஷினால்தான் இந்த வீடு ஓடுகிறது. அதைச் சொல்லிக்காட்ட வாய் வரை வந்தது. விழுங்கிக்கொண்டேன்.

ஜூலை 9, புதன்

என் பேச்சு எடுபடாது. சரி, பச்சிலை தெரிந்தவரே சொல்லட்டும் என்று அரசு சித்த மருத்துவர் ஹைருன் பீவியிடம் கூட்டிப்போனேன். எனக்கே பயம்தான் — இன்னொரு கஷாயம் எழுதிக் கொடுத்துவிட்டால்?

அவர் ரிப்போர்ட்டை இரண்டு முறை படித்தார். பொடியை முகர்ந்து பார்த்தார்.

“நெருஞ்சில் நல்ல மருந்துதான் தம்பி. நீர்க்கடுப்புக்கு நானே குடுக்கேன். ஆனா ஒங்களுக்கு ரத்தத்த வடிகட்டுத சல்லடையே புண்ணாகிக் கெடக்கு. இந்தப் பொடில வேற என்ன கலந்திருக்குன்னு எனக்கே தெரியல. பொட்டாசியம் ஏறுன ஒடம்புக்கு இது வேண்டாம். மொதல்ல அந்த மாத்திரைய டாக்டர்ட்ட கேட்டுத் திரும்ப ஆரம்பிங்க.”

பஸ்ஸில் வரும்போது டப்பாவை வெளியே வீசினான். அழுதுவிடுவேன் போல இருந்தது, சந்தோஷத்தில். அடுத்த நிமிஷம்—

“பொடிய விட்டுட்டேன். மாத்திர கல்யாணத்துக்குப் பொறவு. இந்த மூஞ்சியோட பந்தல்ல நிக்க மாட்டேன்.”

அதுவும் இல்லை, இதுவும் இல்லை. என்ன மனுஷன் இவன்?

ஜூலை 14, திங்கள்

இன்று கிரியேட்டினின் 2.9.

மத்தியானம் ஜெபாவுக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவனிடம் கேட்கவில்லை. அந்தப் பிள்ளை வியாதியின் பேரை இரண்டு முறை கேட்டுக்கொண்டது. பிறகு, “கல்லுன்னுதான மதினி சொன்னீங்க?” என்றது.

ஆமாம், நான்தான் சொன்னேன்.

ஜூலை 16, புதன்

ஜெபாவின் அப்பா கூப்பிட்டார். மரியாதையாகத்தான் பேசினார். கல்யாணம் வேண்டாமாம். வியாதியால் இல்லையாம், மறைத்ததால்.

ஜோயல் துணிகளைப் பையில் திணித்துக்கொண்டு லாட்ஜுக்கே போய்விட்டான். வாசலில் நின்று, “ஒனக்கு இப்ப நிம்மதியா?” என்று கேட்டான். நிம்மதியா? நான் செய்தது சரியா? பொய் சொன்னதும் நான், உடைத்ததும் நான். நடுவில் அவன் வாழ்க்கை.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆலயத்துக்கும் வரவில்லை. போனும் எடுக்கவில்லை.

ஆகஸ்ட் 20, புதன்

சொரிமுத்து அண்ணாச்சியை பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். முகத்தைத் திருப்பப் போனேன். அவரே கிட்டே வந்தார். “தெரியாமக் குடுத்துட்டேன் தாயி. தம்பி இப்ப திருநவேலிக்கு அவனாவே போய்ட்டு வாரான். காலைல மாத்திர போடாம டீ குடிக்க மாட்டக்கான்.”

செப்டம்பர் 12, வெள்ளி

காலை எட்டு மணிக்கு லேபில் வரிசையில் நின்றான். உப்பிய முகம், ஒரு வாரத் தாடி. மற்றவர்களிடம் கேட்பதுபோல் பேர் கேட்டேன், வயது கேட்டேன். சொன்னான். கையை நீட்டினான். நரம்பு கிடைக்க நேரமாயிற்று.

புரதம் ஒரு பிளஸ். கிரியேட்டினின் 1.7. கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

“நல்லதா?”

“கொறஞ்சிருக்குலே. இன்னும் கொறையணும்.”

மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு படியிறங்கினான். அவ்வளவுதான் என்று அடுத்த ஆளைக் கூப்பிட்டேன். திரும்பி வந்து கதவருகே நின்றான்.

“டாக்டர் உப்பக் கொறைக்கச் சொல்லுதாரு. லாட்ஜ் மெஸ்ல எல்லாத்துலயும் உப்பு. ஒனக்கு உப்புக் கம்மியாப் போட்டுச் சமைக்கத் தெரியுமா?”

தெரியும் என்றேன்.